நாற்பத்தெட்டாவது குதிரைக்கு மாறுதல் உத்தரவு

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, நான்காம் மாடியில் கண்ணாடிக்கடைக்காரியின் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே ஒரு பழுப்புநிறப் பெண்குதிரை வந்து நின்றது. கதவு தாழிட்டபடியேதான் இருந்தது. குதிரை வந்தது கணினியிலிருந்து. அதன்மேல் ஈரப் புல் வாசம் அடித்தது, பிடரியில் இரண்டு வைக்கோல் துரும்புகள் ஒட்டியிருந்தன.

கண்ணாடிக்கடைக்காரி கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பகலெல்லாம் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அதுவா?" என்று கேட்பது அவள் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது, பொழுது போகாமல் கணினியில் குதிரை வளர்க்கும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். மாவுக்கட்டைப் பிரித்தார்கள், விளையாட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. புகைநீல உடம்பும் வெள்ளிப் பிடரியும் கொண்ட ஒரு குட்டி அந்த விளையாட்டில் பிறக்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள், பார்த்தவர் யாருமில்லை. அதற்காக எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு நோட்டுப்புத்தகம் முழுக்கக் கோடு போட்டு, பதினோரு தலைமுறை வளர்த்துவிட்டாள். கேட்டது ஒன்று, பிறந்தது வேறு. பழுப்பு, மறுபடி பழுப்பு, நெற்றியில் பொட்டு வைத்த பழுப்பு. அப்படியே லாயத்தில் இருநூற்று நாற்பத்தேழு குதிரைகள் சேர்ந்துவிட்டன.

திங்கட்கிழமை விளையாட்டுக்காரர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். வருகிற ஞாயிறு பகல் பன்னிரண்டு மணியிலிருந்து யாருக்கும் இருநூறு குதிரைகளுக்கு மேல் கிடையாது, மிஞ்சியதை விளையாட்டே அழித்துவிடும், எதை அழிக்கும் என்பது அதன் இஷ்டம். பதினோராம் தலைமுறைச் சாம்பல்குதிரை நிறைமாதமாக இருந்தது, அதில் கை வைத்தால் ஒன்பது வருடம் போச்சு. சந்தைக்கு அனுப்பலாமென்றால் ஊர் உலகத்துப் பழுப்பெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தன. கூட விளையாடுகிறவர்களின் லாயமும் நிரம்பி வழிந்தது. 'அழி' என்ற பொத்தானை அழுத்தினாள். 'உறுதியா?' என்று கேட்டது. திரையிலிருந்த குதிரை கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தது. அவசரமாக 'இல்லை'யை அழுத்தினாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'வெளியே விடு' என்றிருந்தது. ஏதோ காட்டில் விடுவார்கள் என்று நினைத்துத்தான் அதை அழுத்தினாள்.

வேலை முடிந்து வந்த புருஷன் செருப்பைக் கழற்றிக்கொண்டே குதிரையைப் பார்த்தான். "டிவிய கொஞ்சம் தள்ளி வை, வால் பட்டு விழுந்துடப்போகுது" என்றான். அவன் லிப்ட் பழுதுபார்க்கிறவன். அவனுடைய கவலையெல்லாம் தரை தாங்குமா என்பதுதான். குதிரையை லிப்டில் ஏற்றி மேலும் கீழுமாக மூன்று தடவை போய்வந்தான். எடை காட்டும் சிறுதிரையில் மூன்று தடவையும் அவன் எடை மட்டுமே தெரிந்தது. சரி, ஆபத்தில்லை என்று திரும்பக் கொண்டுவந்து விட்டான். தீனிக்கும் கஷ்டமில்லை. சுவரிலிருந்த பிளக்பாயின்டில் அரைமணி நேரம் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது, வயிறு நிறைந்த மாதிரி பெருமூச்சு விட்டது. மீட்டர் ஓடவில்லை என்பதையும் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து அவன் அக்கா எழுந்து வந்தபோதுதான் கண்ணாடிக்கடைக்காரிக்குப் பக்கென்றது. நாத்தனார் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர் மாறுதல் பிரிவில் முப்பத்தோரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகத் துண்டு மடித்த விதத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் வந்தாலே இவள் குதிரைகளை மூடிவிட்டுச் சமையல் பக்கத்தைத் திறந்துவைப்பாள். இப்போது மூடி மறைக்க வழியில்லை. நாத்தனார் திரையிலிருந்த அறிவிப்பைப் படித்தாள், குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னும் எத்தனை?"

"நாப்பத்தாறு, அண்ணி."

"எங்கெங்க போடப்போற? விருப்ப மனு வாங்கினியா?"

"எடுத்துக்கிறவங்ககிட்டயா?"

"அவங்ககிட்ட எதுக்கு? குதிரைகிட்ட!" என்றாள் நாத்தனார். அந்த முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு களை வந்திருந்தது.

புதன்கிழமை காலையில் கீழ்த்தளத்துப் பலகையில், குதிரை வேண்டுவோர் நேரில் வரவும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பகலுக்குள் படிக்கட்டில் வரிசை நின்றுவிட்டது, சாயங்காலம் அது தெருமுனை தாண்டிப் போனது. வீடே கல்யாண வீடு மாதிரி ஆனது. கண்ணாடிக்கடைக்காரி கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வெளியே விட்டாள், புருஷன் லிப்டில் ஏற்றி இறக்கினான், நாத்தனார் நடையில் மேசை போட்டு உட்கார்ந்து வந்தவர்களை விசாரித்தாள். சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். ஆள் முன்னால் வந்து நிற்கவேண்டும், குதிரை ஓரடி முன்னால் வைத்தால் உத்தரவு, பின்னால் வைத்தால் அடுத்த ஆள். கடிக்கிற குதிரை பல் டாக்டரைப் பார்த்ததும் வாயைத் திறந்துகொண்டு போய் நின்றது. நாளெல்லாம் கனைக்கிற ஒன்று, இரண்டாம் மாடியில் காது கேட்காத தையல்காரரின் தோளில் தலையை வைத்தது. அதன் கனைப்பு நெஞ்சில் அதிர்வதாகச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் வரிசை முழுக்கச் சிரித்தது. வட்டம் போட்டு ஓட மட்டுமே தெரிந்த குதிரை, ரவுண்டானாவைச் சுற்றியே கடிதம் கொடுக்கிற தபால்காரிக்குப் போயிற்று. மூன்று குதிரைகள் அடுத்தடுத்துப் பின்வாங்கியதில் ஒரு பழைய குஸ்திக்காரர் தேம்பி அழுதுவிட்டார். நாலாவது குதிரை அவர் கண்ணீரை நக்கியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பெண்கள் இருவரும் அந்த நாலு நாளில் பேசிக்கொண்ட அளவுக்கு இரண்டு வருடத்தில் பேசியதில்லை. "முப்பத்தோரு வருஷத்துல நான் போட்ட உத்தரவ வாங்கிட்டு ஒருத்தர்கூடச் சிரிச்சதில்ல, தெரியுமா?" என்றாள் நாத்தனார், உத்தரவில் கையெழுத்துப் போட்டபடியே. சனிக்கிழமை மதியம் நாற்பத்தேழாவது குதிரை கீழே இறங்கிற்று. மூவரும் தரையிலேயே சாய்ந்து, கால் நீட்டி, காரணமில்லாமல் சிரித்தார்கள்.

ஞாயிறு பதினொன்றே முக்காலுக்குச் சாம்பல்குதிரைக்கு வலி கண்டது. கண்ணாடிக்கடைக்காரி திரைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப எத்தனை நிக்குது?" என்று பின்னாலிருந்து நாத்தனார் கேட்டாள். இருநூறு என்றாள் இவள். "குட்டியச் சேர்த்தா?" என்றாள் அவள். இவள் வாயிலிருந்து விரலை எடுத்தாள். வயிற்றில் இருந்ததை எண்ணாமலே விட்டிருந்தாள். இன்னும் ஒன்று போயாக வேண்டும், படிக்கட்டில் இப்போது ஈ காக்கை இல்லை. லாயத்தில் மிஞ்சியவை எல்லாம் பொறுக்கியெடுத்தவை, ஒன்றே ஒன்றைத் தவிர. அது ஓரக்கண்ணன், அவள் முதன்முதலில் வாங்கிய ஆண்குதிரை. மாறுகண், வேகம் பத்துக்கு மூன்று, குணம் முரண்டு. எந்தப் போட்டியிலும் முதல் வளைவைத் தாண்டியதில்லை. வருடக்கணக்கில் அவள் எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது அதைத்தான்.

"இவன எப்படி அண்ணி விடுறது? நான் கட்டுப்போட்டுக் கிடந்தப்ப இவன் ஒருத்தன்தான் கூட இருந்தான்."

"மணி பதினொன்னு அம்பத்தஞ்சு."

"யாருக்குக் குடுப்பேன்? வர்றவங்கள்லாம் வந்துட்டுப் போயிட்டாங்களே!"

நாத்தனார் ஒரு தாளை எடுத்தாள். பெறுபவர் என்ற இடத்தில் தன் கையாலேயே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, நீட்டினாள். "எனக்கு ஒரு மாறுதல்கூட வந்ததில்ல. நானும் கேட்டதில்ல. இவன விடு, என்ன சொல்றான்னு பாப்போம்."

கண்ணாடிக்கடைக்காரி அழுத்தினாள். ஓரக்கண்ணன் சோபாவுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே வந்து நின்றான், நினைத்ததைவிடக் குட்டையாக, காதோரம் நரைத்து. ஒரு கண்ணால் ஜன்னலையும் ஒரு கண்ணால் நாத்தனாரையும் பார்த்தான். முரண்டு பிடிக்கிற குதிரை, பத்து விநாடி அசையவே இல்லை. அப்புறம் ஓரடி முன்னால் வைத்தான். இன்னொரு அடி. நாத்தனாரின் வயிற்றில் நெற்றியால் முட்டி நின்றான்.

"ஐயோ, வாடா!" என்றாள் நாத்தனார், அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில். கைப்பையை எடுத்துக்கொண்டாள். நாற்காலிமேல் ஏறி, தம்பி கைகொடுக்க, குதிரைமேல் உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் அக்கா என்று அவன் கேட்டதற்கு, கடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன், அது எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன், வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் எழுதுவேன் என்றாள். கண்ணாடிக்கடைக்காரியைப் பார்த்து, துண்டை மூன்றாக மடி என்றாள். லிப்ட் கதவு மூடியது. லிப்டின் சிறுதிரை ஒரு பெண்ணின் எடையை மட்டுமே காட்டியது.

கண்ணாடிக்கடைக்காரி பால்கனிக்கு ஓடினாள். கீழே தெருவில் ஓரக்கண்ணன் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தையல்காரர் ஜன்னலிலிருந்து கையசைத்தார், பல் டாக்டர் தன் குதிரையை ஓரம் கட்டி வழிவிட்டார்.

"பொறந்துடுச்சு!" என்று உள்ளே புருஷன் கத்தினான். "நீலம்! ஏய், நீலம்டி! பிடரி மினுமினுக்குது, ஓடி வா!"

"இருங்க, வர்றேன்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி முக்குத் திரும்பட்டும்."

முக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரக்கண்ணன் கோட்டுக்கு முன்னால் சரியாக நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பேருந்தும் இரண்டு கார்களும் நின்றன. பச்சை விழுந்ததும் நாத்தனார் வலதுகையை நீட்டிக் காட்டிவிட்டு, கடல் பக்கம் திரும்பினாள்.