சீஃப் வீட்டிலிருந்து கிளம்புவது

"சரி, கிளம்பறோம்" என்று அம்மா முதல் தடவை சொன்னபோது மணி இரண்டு. ஒன்பது வயது அபேனி அதை நம்பிச் செருப்பைத் தேடவில்லை. நைஜீரியாவில், அதுவும் இபாதான் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்த அளவு உலக அனுபவம் இருக்கும். முதல் "கிளம்பறோம்" என்றால் பேச்சு இப்போதுதான் சூடுபிடிக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதில் கைப்பை மடிக்கு வரும். மூன்றாவதில் எழுந்து நிற்பார்கள். நின்றபடியே ஒரு கல்யாணத்தையும் இரண்டு குடும்பச் சண்டைகளையும் பேசி முடிப்பார்கள். அப்புறம் வாசற்படி, அப்புறம் கேட். கேட்டில் பேசுவதற்கென்றே சில விஷயங்களை மிச்சம் வைத்திருப்பார்கள்.

சர்ச் முடிந்து, "சும்மா தலையைக் காட்டிட்டு வந்துடலாம்" என்று நுழைந்த வீடு சீஃப் ஒலாகுஞ்சுவினுடையது. போன வருஷம்வரை வெறும் சிமெண்ட் வியாபாரி. 'சீஃப்' என்ற ஊர்ப் பெரியவர் பட்டம் கிடைத்தபிறகு அவருக்கு உட்காருவதே ஒரு சடங்காகிவிட்டது. தொளதொள அங்கியின் அகலமான வலது கையைத் தோளில் மடித்துப் போடுவார், இடது கையைப் போடுவார், அதற்குள் வலது சரிந்துவிடும்.

நாலு மணிக்குள் அபேனி தன் தோழி தோயோசி வீட்டில் இருக்கவேண்டும். பின்தெருதான். தோயோசிக்குப் பிறந்தநாள், நாலு மணிக்கு நடனப் போட்டி. ஒரு வாரமாகக் குளியலறையில் ஆடிப் பழகியிருந்தாள். ஜன்னல் வழியாக ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது.

மூன்றே காலுக்கு அம்மா எழுந்தே விட்டாள். அந்த நேரம் பார்த்து சீஃபின் மனைவி வறுத்த இறைச்சித் தட்டோடு வந்தாள்.

"எடுத்துக்கோடி கண்ணு."

அபேனி அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அடுத்தவர் வீட்டில் அந்தக் கண் உத்தரவு கொடுக்காமல் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. கண் 'வேண்டாம்' என்றது. அபேனி பெரியவர்களிடம் பேசும் வழக்கப்படி மண்டியிட்டு, "வயிறு நெறைஞ்சிருக்கு ஆன்ட்டி, தேங்க்ஸ்" என்றாள்.

"என்ன வளர்ப்பு! அபேனி அம்மா, எங்க வீட்லயும் இருக்குதுங்களே, தட்டையும் சேத்து முழுங்கிடும்!"

புகழ்ச்சி காதில் விழுந்ததும் அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அரைமணி நேரம் ஓடியது.

அபேனி யோசித்தாள். மரியாதை அம்மாவை உட்காரவைக்கிறது என்றால், மரியாதைக்கேடு எழுப்பத்தானே வேண்டும்? அடுத்து மால்ட் என்ற இனிப்புப் பானம் பாட்டிலில் வந்தபோது அம்மா பக்கமே திரும்பாமல் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"வயிறு நெறைஞ்சிருக்குன்னியேடி?" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப காலியாயிடுச்சும்மா."

சீஃபின் மனைவிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "இப்படிக் கூச்சமில்லாம இருக்கணும்! இரு ராஜாத்தி, ஜொலாஃப் சோறு சூடு பண்றேன்."

சோறு சூடாகும்வரை விருந்தாளிகள் சும்மா இருக்கக்கூடாதே என்று சீஃப் சுவரைக் காட்டினார். தங்க நிறச் சட்டத்தில், கதவு அகலத்துக்கு ஒரு புகைப்படம்.

"கவர்னர் என் கையைப் பிடிச்சவரு விடவே மாட்டேங்கறாரு! 'சார், பின்னால கூட்டம் நிக்குது'ன்னு நான்தான் இழுத்துக்கிட்டேன்."

"ஆஹா" என்றாள் அம்மா, பத்தாவது தடவையாக. வருகிறவர்கள் எல்லாரும் "ஆஹா" சொல்வார்கள். யாரும் படத்தைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வேறு வேலையில்லாத அபேனி பார்த்தாள். கவர்னர் ஒரு கண்ணாடி போட்ட ஒல்லி ஆளின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"அது... அதோ. அந்தத் தொப்பிக்குக் கீழ."

அபேனி கிட்டே போய்ப் பார்த்தாள். "அந்தக் காதா சார்?"

அங்கியின் இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் சரிந்தன. சீஃப் அவற்றை எடுத்துத் தோளில் போடவில்லை. "உங்களுக்கு நேரமாகுமே" என்றார். விருந்தாளி இருக்க, வீட்டுக்காரர் முந்திக்கொண்டு சொன்னது இபாதானிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். நின்று பேசவில்லை, வாசற்படியில் பேசவில்லை, கேட் வரைக்கும் யாரும் வரவில்லை.

தெருவுக்கு வந்ததும் அம்மா காதைத் திருகினாள். "பெரிய மனுஷர்கிட்ட கேக்கற கேள்வியாடி அது? பார்ட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நேரா வீட்டுக்கு நட!"

"நெஜமாவே தெரியலம்மா..."

அபேனிக்கு அழுகை முட்டியது. நாலு அடி போனதும் அம்மா நின்றாள். அவள் தோள் குலுங்கியது. சர்ச்சுக்கென்று தலையில் விறைப்பாகக் கட்டியிருந்த துணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பத்து மாசமா நானும் தேடறேன்டி! காதுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள்போல் இருந்தது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "தோயோசி அம்மா வீட்ல இருப்பாளா?"

"பொறந்தநாளாச்சேம்மா. இருப்பாங்க."

"அப்ப சீக்கிரம் நட."

நாலு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. அம்மா தோயோசியின் அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், சிமெண்ட் வியாபாரத்திலிருந்து கதையை ஆரம்பித்தாள். அபேனி ஓடிப்போய் ஆடுகிறவர்களின் வரிசையில் கடைசியாக நின்றாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

"இரு, இரு! இவங்களும் கேக்கட்டும், மொதல்லேர்ந்து சொல்லு!" என்று தோயோசி அம்மாவின் குரல் கேட்டது.

பாட்டு ஆரம்பித்தது.