ஆளுக்கு இரண்டு நிமிடம்

"கையெழுத்துப் போடு, உக்காரு, எந்திரிச்சுப் போ. அவ்ளோதான் உன் வேலை. வாயத் திறந்துடாதே" என்றாள் நாத்தனார், கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே.

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. காலர் ஒன்று பாதியில் நின்றிருந்தது. அதை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, பிறகுதான் நிமிர்ந்தாள். நாத்தனாருக்குக் கல்வி அலுவலகத்தில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் கோப்பு, முகத்தில் ஒரு மாதமாகத் தெருத்தெருவாக வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு. பன்னிரண்டு சின்னப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஒரே பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதாக அலுவலகத்தில் திட்டம். அதற்கு முன்னால் பெற்றோரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று விதி. கேட்டுக்கொண்டே வந்தார்கள். பதினொன்று முடிந்துவிட்டது. இன்று பன்னிரண்டாவது கூட்டம், இந்தக் கடைக்கு எதிரே சாலையைத் தாண்டினால் இருக்கிற பள்ளிக்கூடத்தில்.

"கருத்துக் கேக்கத்தானே அண்ணி கூப்பிட்டீங்க?"

"கேப்போம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். தூரம்பாங்க, எழுதிக்குவேன். வேன்காரன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான்பாங்க, அதையும் எழுதிக்குவேன். நீ எந்திரிச்சு என்ன சொல்லப் போறே? சொல்லேன் பாப்போம்."

சொல்ல முடியாது. அது நாத்தனாருக்குத் தெரியும். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் தையல்காரியின் மகளுக்குப் போன வருடம் முதல் முறையாக வலிப்பு வந்தபோது, மருத்துவமனை வராந்தாவிலேயே நாத்தனார் முடிவு பண்ணிவிட்டாள். பொம்பளப் புள்ள, இந்தப் பேரு வெளிய போகக் கூடாது, யாரு கேட்டாலும் மயக்கம்னு சொல்லு. லாரியோடு போனால் பத்து நாள் கழித்து வருகிற தையல்காரியின் புருஷனும் அக்கா பேச்சுக்குத் தலையாட்டினான். அன்று முதல் அந்த வீட்டில் அதற்கு மயக்கம் என்றுதான் பெயர். மூக்கில் பீய்ச்சுவதற்கு டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ஆனால் பள்ளிக்கூட ஊழியர் யாரும் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் நாத்தனார். ஆகவே மருந்து தையல்காரியின் மேசை டிராயரில், நூல் சுற்றிய பாபின்களுக்கு நடுவே கிடந்தது. குழந்தை விழுந்தால் பள்ளி ஆயா ஜன்னலில் நின்று "தையலு!" என்று கத்துவாள். தையல்காரி ஓடுவாள். இதுவரை இரண்டு தடவை ஓடியிருக்கிறாள். புதுப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் இருபத்தைந்து நிமிடம்.

"அங்க ஒரு நர்ஸ வேலைக்குப் போடுவாங்க" என்றாள் நாத்தனார்.

"போட்டாச்சா?"

"போடுவாங்கடி."

"எப்போ, அவ கல்யாணத்துக்கா?"

"அந்தக் கல்யாணம் நடக்கணும்னுதான் சொல்றேன், வாய மூடிட்டு இரு."

கூட்டம் ஒன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. நாற்பது பெரியவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிக்கும் நாத்தனாருக்கும் மட்டும் அலுவலக ஜீப்பிலேயே நாற்காலிகள் வந்திருந்தன. புரொஜெக்டரிலிருந்து சுவரில் புதுக் கட்டடத்தின் படம் விழுந்தது.

"படத்துல ஒரு புள்ளையக்கூடக் காணமே சார்?" என்றார் பெற்றோரில் ஒருவரான பிளம்பர்.

"அது மாதிரிக்கு வரைஞ்ச படங்க. கட்டி முடிச்சதும் வருவாங்க."

"நாங்க வேணாம்னு சொன்னா?"

"பதிவு பண்ணிக்குவோம்."

"பண்ணி?"

"மேலே அனுப்புவோம்."

"மேலேன்னா, செத்துப் போன எங்கப்பாவுக்கா?"

அறை சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பிளம்பர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது மேசை மேல் இரண்டு நிமிடத்துக்கு வைத்திருந்த கைபேசி மணி அடித்தது. நாத்தனார் கட்டைவிரலால் அதை அமுக்கி, "அடுத்து" என்றாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துத் திரும்பப் போடுகிறவளைப் போல, ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்து ஒரு வரி எழுதினாள்.

தையல்காரி எழுந்தாள்.

நாத்தனாரின் பேனா நின்றது. "உக்காரு" என்று உதடு மட்டும் அசைந்தது.

"என் ரெண்டு நிமிஷத்தப் போடுங்க அண்ணி."

"சொந்தமா?" என்றார் அதிகாரி.

"தம்பி பொண்டாட்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனார் கைபேசியைத் தொட்டாள்.

தையல்காரி வாசல் பக்கம் திரும்பினாள். பெஞ்சுகளுக்கு நடுவே புகுந்து வெளியே போய்விட்டாள். "ஏச்சு விழும்னு ஓடிருச்சு பாரு" என்றது ஒரு குரல். கொஞ்ச நேரத்தில், திறந்திருந்த ஜன்னல் வழியாக, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் வந்தது. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஆயாவுக்கு மட்டும்தான் புரிந்தது. குடத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்தாள்.

"தையலு!"

அந்தக் கத்தலில் முன் பெஞ்சு அதிர்ந்தது. மிஷின் சட்டென்று நின்றது. செருப்பில்லாத கால்கள் சாலையில் ஓடிவரும் சத்தம், ஒரு வண்டியின் நீண்ட ஹாரன், எவனோ திட்டுவது, பிறகு படி. உள்ளே வந்தவள் மேசைக்கு வரவில்லை. மூலையில் யாரும் உட்காராமல் கிடந்த பெஞ்சுக்கு அருகே, அங்கே குழந்தை விழுந்து கிடப்பதுபோல, தரையில் மண்டியிட்டாள். வலது கை முஷ்டியாக மூடியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நாத்தனாருக்கும் ஆயாவுக்கும் தெரியும்.

"இன்னும் எவ்ளோ இருக்கு?" மூச்சு வாங்கிற்று.

நாத்தனார் கைபேசியைப் பார்த்தாள். "பத்து செகண்டு."

"என்னம்மா இது கூத்து? கருத்தச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"சொல்லிட்டேன் சார். இப்போ உங்க புதுப் பள்ளிக்கூடத்து ஜன்னல்லேருந்து கூப்பிடச் சொல்லுங்க. நான் கடையிலதான் இருப்பேன்."

மணி அடித்தது.

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "கருத்து எதுவும் தெரிவிக்கலைன்னு போட்டுக்குங்க மேடம். அடுத்து."

நாத்தனார் குனிந்து எழுதத் தொடங்கினாள். கருத்து. எதுவும்.

"எழுதுங்க அண்ணி, தாராளமா எழுதுங்க" என்றாள் தையல்காரி, மண்டியிட்ட இடத்திலிருந்தே. "நான் எதுக்கு ஓடினேன்னு இவங்களுக்குத்தான் தெரியாது."

அதிகாரி தலையைத் திருப்பினார். "உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அடுத்துப் பேச எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். ஆயா ஜன்னல் கம்பியை விடவில்லை. கைபேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அமுக்க வேண்டிய கட்டைவிரல் பேனாவில் இருந்தது. பேனா முனை 'எதுவும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஊன்றியபடி நின்றது. அதற்கடியில் மை ஊறி, முதலில் ஒரு புள்ளியாக, பிறகு மிளகளவாக, கட்டத்தின் கோட்டைத் தொட்டுப் பரவிக்கொண்டிருந்தது.