ஆஸ்டின் கிளம்பவில்லை

ஆறு மாதம் இனாயத் பாயின் பட்டறையில் கிடந்த ஆஸ்டின் மயிலாப்பூருக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. 1950-ஆம் வருடத்து வண்டி. புதுக் கறுப்புப் பெயின்டில் முகம் பார்க்கலாம். வியாழக்கிழமை காலை அப்பா ஸ்டார்ட்டரை இழுத்தார். இன்ஜின் முனகியதே தவிர பற்றவில்லை.

"நல்ல சாமானைக் கழட்டிண்டுட்டான் அந்த இனாயத்," என்றார். " ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலத்துக்குள்ள கிளம்பலேன்னா வாட்ஸப் குரூப்ல அவன் பேரைப் போட்டு எழுதிடுவேன். அப்புறம் பழைய கார் வெச்சிருக்கறவா ஒருத்தரும் அவன்கிட்ட வண்டி விடமாட்டா."

எனக்கும் சந்தேகம் இருந்தது. புதன்கிழமை நான் மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது இனாயத் பாய் வண்டியருகே நின்றிருந்தார். இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். சும்மா பார்க்க திருவல்லிக்கேணியிலிருந்து யார் வருவார்கள்? ஆனால் நான் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். கையை அல்ல.

அப்பா போன் செய்ததும் பாய் வந்துவிட்டார். பானெட்டைத் திறந்து, இன்ஜின் பக்கத்திலிருந்த ஒரு வட்ட மூடியைக் கழற்றினார்.

"இன்னா சார், ரோட்டரே இல்ல. இது சுத்தினாத்தான் பிளக்குக்கு கரண்டு போவும். யாரோ கழட்டிக்கினாங்க."

"இங்க அதெல்லாம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே பாய்," என்றார் அப்பா.

"அந்தத் துண்டத் திருடி நான் இன்னா மோதரமா போட்டுக்கப் போறேன்?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. பாயும் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் அப்பளம் பொரிக்க டப்பாவைத் திறந்தேன். அடியில், பித்தளைத் தகடு பதித்த ஒரு பழுப்புத் துண்டு. பாய் சொன்ன ரோட்டராகத்தான் இருக்க வேண்டும்.

"அங்கயே வை," என்றாள் அம்மா.

"நீயா கழட்டினே?"

"அப்பா மாடிப்படியில ரெண்டு தடவை தலை சுத்தி உக்காந்துட்டார். டாக்டர் வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டார். ஊர்வலத்துல ஈசிஆர்ல போறச்சே தலை சுத்தினா? சொன்னா கேக்கறாரா? அதான் வீடியோ பார்த்துக் கழட்டினேன்."

"பாய் பேரு கெட்டுடுமேம்மா."

"ஞாயித்துக்கிழமை தாண்டட்டும், மாட்டிடறேன்."

அப்பாவின் உயிர் ஒரு பக்கம், இனாயத் பாயின் பிழைப்பு ஒரு பக்கம். எப்படி வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. கூடத்தில் அப்பா மும்முரமாகப் போனில் தட்டிக்கொண்டிருந்தார். சரியா தவறா என்று தெரியாமலே அந்தத் துண்டை எடுத்துப்போய் அவர் முன் வைத்து, இருந்த இடத்தைச் சொன்னேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவன்தான் இவகிட்ட குடுத்து வெச்சிருக்கான்."

அம்மா அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னாலேயே போனோம். பானெட்டைத் தூக்கி, மூடியை எடுத்து, துண்டைப் பொருத்தி, மூடியின் இரண்டு கிளிப்பையும் அழுத்தினாள்.

"இழுங்கோ."

ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பாய் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்துக்கோங்கோ," என்றாள் அம்மா.

"குரூப்ல போட்டுட்டேன்," என்றார் அப்பா, மெதுவாக.

உடனே போனை எடுத்து அதை அழித்தார். அதற்குள் குரூப்பில் யாரோ கேட்டிருந்தார்: "என்ன சார், டெலிட் பண்ணிட்டீங்க? இனாயத் பேரைப் பார்த்த மாதிரி இருந்துது. என் மோரிஸ் கார் அவர் பட்டறைலதான் நிக்குது."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா 'என் மனைவி' என்று எழுதினார். அழித்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடியும் 'என் மனைவி' என்று எழுதினார்.