ஊமைக்கோட்டானும் ஒரு பூட்டும்

அந்தப் புத்தகத்தைப் படிக்கப் படிக்க லிஃப்ட்டக்காவுக்குக் கோபம் ஏறியது. ஏறட்டும் என்றுதான் படித்தாள். பெயர் 'ஊமைக்கோட்டான்'. கெட்டி அட்டை போட்ட காமிக்ஸ், பாதிப் பக்கங்கள் தார் பூசின மாதிரி ஒரே கறுப்பு. தம்பி உயிரோடு இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்துக்கொண்டு உட்காருவான். "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் புஸ்தகமாடா?" என்று மண்டையில் தட்டுவாள். "நீ படிச்சுப் பாருக்கா, அப்புறம் பேசு" என்பான். அவன் போன பிறகுதான் படித்தாள்.

அக்கா, தம்பி இருவரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்; அதனால்தான் அவள் எல்லாருக்கும் லிஃப்ட்டக்கா. அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவரே ஏறிவந்து திறக்கிறவரை ஆண்டவனே வந்தாலும் லிஃப்ட் நகரக்கூடாது. தம்பி இறங்கினான். லிஃப்ட் அவன்மேல் வந்து இறங்கியது. "பூட்டை மாட்ட மறந்துட்டான், கவனக்குறைவு" என்று கட்டட மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார். விசாரிக்க வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைக் கொடுத்தபோது பையில் சாவி இருந்தது. "அப்போ இந்தச் சாவிக்குப் பூட்டு எங்கே?" என்று ஒவ்வொருத்தராகப் பிடித்துக் கேட்டாள். பூட்டை யாரும் பார்க்கவில்லையாம்!

"விட்டுத் தள்ளு, ஆனது ஆச்சு" என்றார் அவள் வீட்டுக்காரர். கம்பெனியிலும் அதே பாட்டு. செத்தவன் தலையில் பழியைக் கட்டிவிட்டு இருக்கிறவளுக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள், பெரிய மனுஷர்கள்! அந்தப் புத்தகம் ஒன்றுதான் அவளை 'விடு' என்று சொல்லவில்லை. ஊமைக்கோட்டான் மன்னிக்கிற ரகமில்லை. வசனமும் பேச மாட்டான். அக்கிரமம் செய்தவனைக் கயிற்றில் கட்டி இருட்டில் தொங்கவிட்டு, பக்கத்தில் சும்மா நிற்பான். பயம் தாங்காமல் அவனே எல்லாவற்றையும் கக்குவான். கக்கி முடித்ததும் ஊமைக்கோட்டான் கயிற்றை விட்டுவிடுவான். அதற்கடுத்த பக்கம் முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்தால் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குளிர்ந்தது.

கம்பெனிக்கு மட்டும் வெட்கமா மானமா, அதே கட்டடத்துக்கே அவளைச் சர்வீஸுக்கு அனுப்பியது. வேலை முடித்து அவள் பையைக் கட்டும்போது மேனேஜர் வந்தார். போனில் யாரையோ அதட்டிக்கொண்டே லிஃப்ட்டில் கால் வைத்தவர் கையிலிருந்து போன் நழுவி, வாசல் இடுக்கு வழியாகக் குழிக்குள் விழுந்தது.

"ஏம்மா, இறங்கி எடுத்துக் குடு."

"நான் இறங்க மாட்டேன் சார். எங்க வீட்ல ஒருத்தன் இறங்குனது போதும்."

போன் கீழே அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் பல்லைக் கடித்தார். "சரி, லிஃப்ட்டை மேல ஏத்து. நானே இறங்கித் தொலைக்கிறேன்."

அவள் லிஃப்ட்டை மேலே அனுப்பி, தரைத்தளக் கதவைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே இருந்த ஸ்விட்ச்சை அணைத்துத் தன் பூட்டை மாட்டினாள். சாவியை அவரிடம் நீட்டினாள். "சட்டம் சார். இறங்குறவங்க பையிலதான் இருக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு, சுவரில் பதித்த இரும்பு ஏணியில் இறங்கினார்.

அவள் செக்யூரிட்டி அறைக்குப் போனாள். சுவரில் பூட்டு வெட்டும் கட்டர் தொங்கியது. அந்தக் கட்டடத்தில் இருப்பது அந்த ஒரு கட்டர்தான். எடுத்துவந்தாள். பின்னாலேயே ஓடிவந்த செக்யூரிட்டி அண்ணன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவள் குழிக் கதவை ஒரு சாண் இடைவெளி விட்டு இழுத்தாள். அந்த இடுக்கில் கட்டரைக் காட்டினாள். பிறகு அதன் வாயைப் பூட்டின் வளையத்தில் வைத்தாள். இரும்பில் இரும்பு உரசியது.

"ஏய்... என்ன பண்றே? சாவி என்கிட்ட இருக்கு!"

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் மாடியில் யாரோ கதவைத் தட்டினார்கள். "லிஃப்ட்டுக்கு என்ன கேடு? யாராவது போட்டு விடுங்கய்யா!" அன்றைக்கும் இப்படித்தான் கத்தியிருப்பார்கள்.

"போடாதே! போட்டுடாதே!" மேனேஜரின் குரல் உடைந்தது. "யம்மா, தாயே, நான் வேணும்னு செய்யலை. மேல எல்லாரும் கத்துனாங்க. அவன் எப்பவோ ஏறிப் போயிருப்பான், பூட்டை மட்டும் மறந்துட்டான்னு நினைச்சேன். அதான் வெட்டுனேன்!"

லிஃப்ட் குழியில் பேசுவது புகைபோக்கியில் புகை மாதிரி மேலே ஏறும். ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. தட்டல் நின்றது.

அவள் கட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"பூட்டு மொட்டை மாடியில இருக்கு! தண்ணித் தொட்டிக்குள்ள போட்டேன்! சாமி சத்தியமா!"

கக்கியாயிற்று. அடுத்த பக்கம் கறுப்பு. வெட்டிவிடு, ஸ்விட்ச்சைப் போடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. இவனுக்கு என்ன பாவம் பார்க்கிறது? ஆனால் வெட்டினால் நாளைக்கு ஊர் இவளைப் பற்றித்தான் பேசும். தொட்டிக்குள் கிடக்கிற பூட்டை ஒருத்தனும் தேட மாட்டான். தம்பி கவனக்குறைவாகவே செத்தவனாகிவிடுவான். ஊமைக்கோட்டானுக்கு என்ன, அவனுக்குத் தம்பியா தங்கச்சியா?

"அண்ணே, காதுல விழுந்துச்சுல்ல?" என்றாள். செக்யூரிட்டி அண்ணன் ஏற்கெனவே படிகளில் ஓடிக்கொண்டிருந்தார்.

"நான் மேல வரட்டுமா?" கீழிருந்து கெஞ்சினார் மேனேஜர்.

"இருங்க சார். என்ன அவசரம்? சாவி உங்க பையிலதானே இருக்கு. என் தம்பி பையிலயும்தான் இருந்துச்சு."

செக்யூரிட்டி அண்ணன் திரும்பும்போது மாடிக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் படியிறங்கி வந்தார்கள். அவர் கை தோள்வரை நனைந்திருந்தது. பாசி பிடித்த பித்தளைப் பூட்டை நீட்டினார். வளையம் ஒரு பக்கம் துண்டாகியிருந்தது, மறுபக்கம் பூட்டுக்குள் இறுகக் கவ்விக்கொண்டிருந்தது.

அவள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த தம்பியின் சாவியை எடுத்தாள். எல்லாரும் பார்க்கப் பூட்டில் நுழைத்துத் திருகினாள். இரண்டு முறை முரண்டு பிடித்துவிட்டு மூன்றாம் முறை திறந்தது.

"நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள். "அவன் பூட்டிட்டுத்தான் இறங்கியிருக்கான்."