கௌகோவின் வீட்டில் விரிசல் இல்லை

கௌகோ ரௌதாலாவின் வீட்டுக் கதவு ஒரு சனிக்கிழமை மதியம் சுவரோடு சேர்ந்து ஒரே பாறையாகிவிட்டது. சன்னல்களும் புகைபோக்கியும் அப்படியே. அவர் மனைவி ஹில்கா தோட்டத்துச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் குடிலில், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்ததால் தப்பினார். கௌகோ உள்ளே மாட்டிக்கொண்டார்.

காரணம் எங்கள் தீவில் எல்லோருக்கும் தெரியும். அணுக்கழிவை லட்சம் வருஷம் பூமிக்கடியில் பூட்டிவைக்க பின்லாந்து முழுக்க இடம் தேடியவர்கள் எங்கள் பாறையையும் துளைத்தார்கள். துளையிலிருந்து வரும் கல்தண்டு உடைந்திருந்தால், அது இயற்கை விரிசலா, துளைக்கும்போது முறிந்ததா என்று பார்த்து எழுதுவது கௌகோவின் வேலை. நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில், உடைந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. தண்ணீர் போன தடம் அது. சவுனாவுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் ‘துளைக்கும்போது முறிந்தது’ என்று எழுதி, ‘விரிசல் இல்லை, நீர் நகராது’ என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார் மனுஷன். எழுதியது அப்படியே அவர் வீட்டுக்குப் பலித்துவிட்டது.

உள்ளே அவருக்குப் பசிக்கவில்லை, தாடி வளரவில்லை. தொலைபேசி மட்டும் வேலை செய்தது.

“தப்பா எழுதிட்டேன்னு சொல்லித் தொலையேன்,” என்றார் ஹில்கா.

“சொல்லிட்டேன் ஹில்கா. நம்ப மாட்டேங்கிறாங்க.”

நிறுவனத்தார் வந்து விரிசல் இருக்கிறதா என்று மூன்று வாரம் சுவரில் சாய நீரைப் பாய்ச்சினார்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. துளைக்கருவி மழுங்கியது. மேலாளருக்கு ஏக சந்தோஷம்.

“நீங்க எழுதினது தப்புன்னா வீடு எப்படி இப்படி ஆகும் கௌகோ? இதைவிட என்ன சாட்சி வேணும்?”

“அந்தக் கல்லை ஒருதரம் எடுத்துப் பாருங்களேன்.”

“பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு.”

அறிக்கையின் அட்டையில் கௌகோவின் வீட்டுப் படத்தைப் போட்டு இடத்தை உறுதிசெய்தார்கள். அந்த அறிக்கை பொய் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் தீவில் பாதிப்பேருக்கு அந்த நிறுவனத்தில்தான் வேலை, என் மகன் உட்பட. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஹில்கா ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு சவுனாவிலேயே குடியேறினார். தினமும் மாலை ஐந்துக்குக் கௌகோவிடமிருந்து அழைப்பு வரும். வெளியே இருபத்தொன்பது வருஷம் ஓடியது. உள்ளே கௌகோவுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான், அதே சனிக்கிழமைதான். போன வசந்தத்தில், எண்பதாவது வயதில், ஹில்கா இறந்துபோனார்.

அதைக் கௌகோவிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் தீவுப் பெண்கள் முறைவைத்து ஐந்து மணிக்குச் சவுனாவில் போய் உட்கார்கிறோம். ஹில்கா அதிகம் பேசுகிறவர் இல்லை, சமாளித்துவிடலாம். இந்த வாரம் என் முறை.

“ஹில்கா, இருக்கியா?”

“ம், இருக்கேன்.”

“அந்தக் கல்லைப் பாத்தாங்களா?”

“நாளைக்குப் பாக்கிறாங்களாம்,” என்கிறேன்.