பனி ஆல்பத்துக்கு ஓதிய தண்ணீர்

தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஜுனைதா மாமி ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். லேபல் உரித்த சோடாப் போத்தல், உள்ளே பச்சைத் தண்ணீர். அஸ்ரா போத்தலைப் பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள். கல்யாணம் முடித்து இந்த அலுவிகாரை வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து, கறிக்கு உப்புக் கூடினாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷி, இன்றைக்கு அப்படிக் கனிந்துபோய் நின்றார். அந்தக் கனிவைக் கண்டுதான் அஸ்ராவுக்குப் பயமே பிடித்தது.

“பள்ளி லெப்பைட்ட குடுத்து ஓதி எடுத்தது மகள். காலைலயும் அந்திக்கு மஹ்ரிபுக்குப் பொறகும் மூணு மொடக்குக் குடிங்க. ஒண்டுக்கும் பயப்பட வாணாம், நாங்க ஈக்கிறோம்.”

“எனக்கு என்ன மாமி?”

மாமி அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

அறைக்குள் ஹுஸ்னி கடைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஆணி, பெயின்ட், தகரம் என்று நாள் முழுக்க நாலு பேரோடு வாயாடுகிறவன். இப்போது போட்ட பொத்தானையே கழற்றிக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். கள்ளன் வெளியில் இல்லை, இங்கேதான் நிற்கிறான் என்று அஸ்ராவுக்கு விளங்கிவிட்டது.

நடந்தது இதுதான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மாமி மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் இவர்கள் அறையிலிருந்து அலறல் கேட்கிறதென்று அடுத்த வீட்டு நிஷ்மியா ராத்தா பல வாரமாகக் காதைக் கொடுத்திருக்கிறாள். பாவம், அவள் புறம் பேசவில்லை. உண்மையிலேயே பதறிப்போய், பள்ளிவாசல் ட்ரஸ்டி ஸக்கரியா ஹாஜியாரிடம் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஹாஜியார் ஹுஸ்னியைப் பிடித்து, நாலு பேர் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், “பொஞ்சாதிக்குக் கை வெக்கிறியாடா?” என்று கேட்டுவிட்டார். “அது பாட்டு, ஹாஜியார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவன் என்ன சொன்னான் தெரியுமா? “இல்ல ஹாஜியார். அவளுக்குக் கொஞ்சம் சொகமில்ல.”

அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது, ஜின் பிடித்திருக்கிறதென்று. ஆம்பிளைகளுக்கு இதில் ஒரு தனித் தைரியம் உண்டு: தன் வெட்கத்தை மூடுவதற்குப் பக்கத்தில் நிற்கிறவளின் மானத்தை உருவிப் போர்த்திக்கொள்வார்கள்.

பாட்டு என்றால் பிளாக் மெட்டல், அதிலும் அட்மொஸ்பெரிக் என்ற வகை. ஒரு பாட்டே கால் மணி நேரம் போகும். கிட்டார்கள் சுவராக எழும்பி நிற்கும், பின்னால் கீபோர்ட் மூடுபனியாகப் படரும், நடுவில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஹுஸ்னி இதைச் சேர்த்துவைத்திருந்தான், யாருக்கும் தெரியாமல். கல்யாணம் முடித்த புதிதில் ஹெட்போனோடு அவன் கண்ணை மூடியிருந்ததைக் கண்டு, “என்னது?” என்று அஸ்ரா பிடுங்கி மாட்டிக்கொண்டபோது, அவன் முகம் வெளிறிப்போனது. ஆனால் அஸ்ரா யார்? நாலந்தாவில் வாப்பாவின் அரைக்கிற மில்லுக்குப் பின்னறையில் வளர்ந்தவள். மிளகாயும் மல்லியும் அரைபடும் இரைச்சலில் படித்து, அந்த இரைச்சலிலேயே தூங்கியவள். மில்லை நிறுத்தினால்தான் அவளுக்கு விழிப்பு வரும். “நல்லா ஈக்கிதே,” என்றாள். அன்றைக்குத்தான் அவன் அவளை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தான்.

ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்தால் ஒரு கிட்டார் இவளுக்கும் மற்றக் கிட்டார் அவனுக்கும் போய்விடுகிறது. பிறகு எதை வைத்துச் சண்டை பிடிப்பது? அதனால் பழைய ஸ்பீக்கர் சோடி ஒன்று வாங்கினார்கள். சண்டையெல்லாம் இரண்டு ஆல்பத்தைப் பற்றித்தான். பெயர்கள் இருவர் வாயிலும் நுழையாததால் ஒன்று மழை ஆல்பம், மற்றது பனி ஆல்பம். மழை ஆல்பம் ஹுஸ்னியின் உயிர். ஐந்து பேர் பெரிய ஸ்டூடியோவில் செய்தது. மழைச் சத்தத்தோடு தொடங்கும், டிரம்ஸ் தூரத்து இடி போல உருளும், கத்துகிறவனின் குரல் கிட்டார்களுக்குப் பின்னால் எங்கோ மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும். பனி ஆல்பம் ஒரே ஒரு ஆள் தன் வீட்டிலிருந்து தனியாகச் செய்தது. டிரம்ஸ் வெறும் மெஷின். கிட்டார் தகரக் கூரையில் மணல் கொட்டுவது போலக் கரகரக்கும். குரலோ நேராக மூஞ்சிக்கு முன்னால்.

“அது மிக்ஸ் பண்ணத் தெரியாதவன் செஞ்ச வேல,” என்பான் ஹுஸ்னி. “கொரல் பின்னுக்கு ஈக்கோணும். அப்பதான் அட்மொஸ்பியர்.”

“பின்னுக்கு நின்டா அட்மொஸ்பியரா? ஒங்கட ஆள் நாலு பேருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டுக் கத்துறாரு. என்ட ஆள் கதவத் தொறந்துட்டு முன்னுக்கு வந்து நிக்கிறாரு. அழுதாலும் தன்ட மொகத்தோட அழுறாரு.”

சிரித்துச் சிரித்துச் சொன்ன வார்த்தைதான் அது. இப்போது, பொத்தானோடு மல்லுக்கட்டும் புருஷனைப் பார்த்தபோது, அதுவே நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

“எனக்கு ஷைத்தான் புடிச்சீக்கிதுன்டு சென்னீங்களா?”

“நான் அப்டிச் செல்லல்ல. சொகமில்லன்டுதான்…”

“சரி. இப்ப உம்மாட்டப் போய் அது பாட்டுன்டு செல்லுங்க.”

“கொஞ்ச நாள் போகட்டுமே அஸ்ரா. தானா அடங்கிரும். அதுவரைக்கும் ஸ்பீக்கர எடுத்து வெப்போம்.”

“அடங்குறது எது, கதையா? நானா?”

அவன் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடிவிட்டான்.

கதை அடங்கவில்லை. அஸ்ரா படிப்பிக்கும் மொண்டிசோரியில் ஒரு தாய், இவள் மடியிலிருந்த தன் பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளை டீச்சர் டீச்சர் என்று கையை நீட்டிக்கொண்டே போனது. பெரிய டீச்சர் நுஸ்லா அவளைத் தனியே கூப்பிட்டு, “பேரன்ட்ஸ் கதைக்கிறாங்க அஸ்ரா. கொஞ்ச நாள் வீட்ல நில்லுங்களேன். சொகமானப் பொறகு பாப்பம்,” என்றார். சுகமானவளை எப்படிச் சுகமாக்குவது? வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவளுக்கு உடம்பு கொதித்தது. அழுகை வரவில்லை. வந்தால் அதற்கும் ஒரு போத்தல் தண்ணீர் ஓதிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஸக்கரியா ஹாஜியார் சுகம் விசாரிக்க வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் நிஷ்மியா ராத்தா. மாமி கதிரைகளை இழுத்துப் போட்டார். ஹுஸ்னி சுவரோரம் நின்றான், தன் வீட்டு ஹாலிலேயே விருந்தாளி மாதிரி. ஹாஜியார் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நேராக அவளிடமே கேட்டார்.

“மகள், நான் ஒங்க வாப்பா மாதிரி. உள்ளதச் செல்லுங்க. இவன் அடிக்கிறானா?”

நல்ல மனுஷன். ஊரெல்லாம் ஜின் என்றபோதும் அவர் மட்டும் அதைக் கேட்க மறக்கவில்லை. அவருக்காகவாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அஸ்ராவுக்குப் பட்டது.

“கொஞ்சம் இரிங்க ஹாஜியார்,” என்று எழுந்து அறைக்குள் போனாள். ஸ்பீக்கர் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வயர் தரையில் இழுபட, ஹாலுக்கு வந்தாள்.

“அஸ்ரா,” என்றான் ஹுஸ்னி. கெஞ்சலாக இருந்தது. “வாணாம்.”

அவள் ஸ்பீக்கர்களை மேசையில் வைத்தாள், பிளக்கைக் குத்தினாள். பிறகு ஒரு யோசனை வந்தவளாக, ஜன்னல் தட்டிலிருந்த ஓதிய தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து, பவ்வியமாக ஸ்பீக்கரின் தலைமேல் வைத்தாள்.

“சனிக்கெழம கத்துறது நானில்ல ராத்தா. இவருதான். தண்ணியும் இவருக்குத்தான் வேணும்.”

போனைத் தட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். பனி ஆல்பம், முதல் பாட்டு.

கிட்டார் எழும்பியதும் மாமி “யா அல்லாஹ்” என்று காதைப் பொத்தினார். பிறகு அந்த ஆள் வாயைத் திறந்தான். கதவைத் திறந்துகொண்டு வந்து ஹாலின் நடுவில் நின்று, எந்த ஊர்ப் பாஷையிலோ தன் துக்கத்தையெல்லாம் கத்தினான். நிஷ்மியா ராத்தா வாய் பிளந்தாள். “இதுதான்! இதேதான் ஹாஜியார்!” என்றாள், காணாமற்போன ஆட்டைக் கண்டவள் போல.

ஹாஜியார் அசையாமல் கேட்டார். “இவருக்கு என்ன நடந்த?”

“தெரியா ஹாஜியார். தனியாளாம். ஊரெல்லாம் பனியாம்.”

“பாட்டுக் கேக்குறதப் பத்தி நான் செல்ல வேண்டியது ஒண்டு ஈக்கிது. அதப் பொறகு செல்லுறேன், நீங்க கேக்க மாட்டீங்க.” அவர் தாடியைத் தடவினார். “இப்ப இதச் செல்லுங்க. இவன் அடிக்கல்ல?”

“அல்லாஹ்மேல சத்தியமா அடிக்கல்ல. எனக்குச் சொகமில்லாமலும் இல்ல. நாளைக்கு நான் மொண்டிசோரிக்குப் போறேன். ஆரும் கேட்டா இதையே அங்கயும் போட்டுக் காட்டுவேன்.”

ஹாஜியார் மெல்லத் திரும்பினார். “அப்ப ஏன் மகன் அன்டைக்கு அப்டிச் சென்ன?”

ஹுஸ்னி பொத்தானைத் திருகினான். அந்த நேரம் பார்த்துப் பாட்டு அடங்கியது. டிரம்ஸ் நின்று, கிட்டார் நின்று, ஒற்றைக் கீபோர்ட் மட்டும் மெல்லியதாக இழைந்தது. முடிந்ததென்று நினைத்து மாமி காதிலிருந்து கையை எடுத்தார். நிஷ்மியா ராத்தா பெருமூச்சு விட்டாள். அது முடியவில்லை என்று அந்த ஹாலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இந்த அமைதி கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும், அந்த ஆல்பத்திலேயே ஆகப் பெரிய அலறலோடு. நிறுத்துவதென்றால் இப்போதே நிறுத்த வேண்டும்.

ஹுஸ்னி சுவரை விட்டு மேசையை நோக்கி வந்தான். அவன் கை ஸ்பீக்கரின் குமிழ்ப் பக்கம் போவதை அஸ்ரா பார்த்தாள். தடுக்கவில்லை. இதை மட்டும் அவனே செய்யட்டும் என்று இருந்தாள்.

கை குமிழைத் தாண்டி மேலே போனது. விழுந்துவிடாமல் போத்தலைப் பக்குவமாக எடுத்தான். எல்லாருக்கும் முன்னால், நடுக் கதிரையில், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போத்தலை மடியில் வைத்து, அது தனக்குத்தான் என்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அலறல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போத்தல் இப்போது ஸ்பீக்கர் மேல் இல்லை. ஆனாலும் உள்ளே தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது.