பிசகில்லாத தமிழ்

ஏஐ என்று யாராவது வாயெடுத்தாலே உருத்திரமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மொன்றியல் துறைமுகத்துப் பக்கம் அவர் வேலை செய்யும் கிடங்கில் பெட்டி சரிபார்த்தவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு ஏஐ கமராவைப் பொருத்திவிட்டார்கள். போதாக்குறைக்கு, நண்பர் விமலநாதனின் பேரன் குரலில் மெஷின் ஒன்று போனில் அழுது, அந்த அப்பாவி மனிதரிடம் பணத்தை ஏமாற்றிப் பறித்துவிட்டது. அன்றிலிருந்து கோயில் அன்னதான வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் இவருடைய உபதேசம்தான்.

"சொந்தப் பிள்ளையின்ரை குரலெண்டாலும் நம்பாதேங்கோ!"

அவருக்கும் சொந்தப் பிள்ளை ஒருவன் இருந்தான். பெயர் விதுர்சன். பிரெஞ்சிலேயே வளர்ந்தவன். செலீன் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று அவன் பிரெஞ்சில் சொன்ன அன்று, "தமிழ் கதைக்கத் தெரியாதவன் எனக்குப் பிள்ளையில்லை" என்று வாசலைக் காட்டியவர் இவர்தான். ஆறு வருடமாயிற்று. தாயில்லாத வீடு, சமாதானம் பேச ஆளில்லை. வீம்புக்கு மட்டும் குறைவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, நான் விதுர்சன் கதைக்கிறன். சுகமாய் இருக்கிறியளோ?"

குரல் அவனுடையதேதான். ஆனால் இந்தத் தமிழ்? "அப்பா, தண்ணி" என்பதற்கு மேல் வாய் வராத பிள்ளையாயிற்றே அவன்.

"நாளைக்கு எனக்கு இருதய ஒப்பரேசன். பயமாய்க் கிடக்கு. ஒருக்கா வாங்கோ அப்பா."

"சீ, மெஷின்!" என்று கத்தினார். "இது மனுசர் கதைக்கிற தமிழே? ஏமாத்த வேறை ஆளைப் பார்!"

போனை வைத்து, அந்த இலக்கத்தையும் தடைசெய்தார். மாலையில் விமலநாதனிடம் பெருமையடித்தது வேறு.

சனிக்கிழமை கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டியவள் செலீன். அழுதழுது கண் வீங்கியிருந்தது. விதுர்சன் ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். அப்பாவோடு கதைக்கவென்றே ஒரு வருடமாக வேலை முடிந்து போய்த் தமிழ் படித்தானாம். அன்று பேச வேண்டியதை அவளிடம் இருபது தரம் சொல்லிப் பார்த்தானாம்.

"'என் தமிழ் மனுசத் தமிழாக இல்லையாம். அப்பாவுக்கு அது மெஷின் சத்தமாம்' என்று சொன்னான். அதற்குப் பிறகு தமிழில் ஒரு சொல்கூடப் பேசவில்லை" என்றாள் பிரெஞ்சில்.

பாழாய்ப்போன வாய். உருத்திரமூர்த்தி சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் அவளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

குழாய்களுக்கு நடுவே விதுர்சன் விழித்திருந்தான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நீயெண்டு தெரியேல்லையடா, ராசா. கள்ளக் குரலெண்டு நினைச்சிட்டன். உன்ரை தமிழிலை பிழையே இல்லை. ஒரு சொல்லுக் கதை. அப்பா எண்டு ஒருக்காச் சொல்லு."

"பொன்ஜூர், மெசியூ" என்றான் விதுர்சன் பிரெஞ்சில், முன்பின் தெரியாத ஓர் ஐயாவுக்கு வணக்கம் சொல்லும் அதே மரியாதையோடு. பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.